சரக்கொன்றையா, ஆத்தியா, வெட்பாலையா? சின்ன இடத்துக்கு ஓர் இலையுதிர் மரம்

மனை சின்னது, ஒரே ஒரு மரம் வைக்கத்தான் இடம் இருக்கிறது, அது நம்ம ஊர் மரமாகவும் இருக்க வேண்டும், பூக்கவும் வேண்டும். இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இரண்டு விஷயம் கேட்பேன். நல்ல மழை பெய்த மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா? பங்குனி, சித்திரையில் அந்த மரத்தடியில் நிழல் வேண்டுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு எடுத்தாகிவிட்டது. பூவின் நிறம் அதற்கு அப்புறம்தான்.

பெரும்பாலானவர்கள் சரக்கொன்றை என்று தீர்மானித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது நல்ல மரம், எனக்கும் பிடித்த மரம். ஆனால் நம்முடைய இலையுதிர் காடுகளில் அதே அளவுக்கு, சொல்லப்போனால் இன்னும் சின்னதாக, வீட்டு வாசலுக்கு ஏற்ற மரங்கள் வேறு சில உண்டு. வெட்பாலை, ஆத்தி, புரசு, மஞ்சள் கோங்கு. நாற்றங்காலில் இவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்காததால் வளர்ப்பதும் குறைவு. கேட்டால் வளர்ப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்துமே வறண்ட இலையுதிர் காட்டு மரங்கள். ஜவ்வாது மலை, சிறுமலை, சத்தியமங்கலம், முதுமலை என்று எங்கே போனாலும் இவற்றில் இரண்டு மூன்றையாவது பார்க்கலாம். ஆனால் காடு ஒன்று என்றாலும் அவை நிற்கிற இடம் ஒன்று இல்லை. பாறைச் சரிவில், மண்ணே இல்லாதது போலத் தெரியும் இடுக்கில் கோங்கு நிற்கும். சரளைக்கல் மேட்டில் வெட்பாலை. மலையடிவாரத்துப் புதர்க்காட்டில், மாடு மேய்கிற தடத்தை ஒட்டி ஆத்தி. மண் கொஞ்சம் ஆழமாகவும் நீர் வடிகிற மாதிரியும் இருக்கும் இடத்தில் சரக்கொன்றை. மழைக்காலத்தில் நீர் தேங்கும் களிமண் தாழ்விலும் தாக்குப்பிடித்து நிற்பது புரசு. எல்லைக்கோடு போட்டுக்கொண்டு நிற்பதில்லை, ஒன்றோடொன்று கலந்தும் வரும். இருந்தாலும் காட்டில் எந்த இடத்தில் ஒரு மரம் அதிகம் தென்படுகிறதோ, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த இடத்தை வீட்டில் கொடுத்தால் அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

நிழல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தை, மாசியில் மண்ணில் ஈரம் குறையக் குறைய இந்த மரங்கள் இலையிலிருந்த சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இலையை உதிர்த்துவிடும். இலை இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவை நிறுத்துவதுதான் நோக்கம். பிறகு மழைக்குக் காத்திராமல், கடும் கோடையிலேயே, வேரும் தண்டும் சேர்த்து வைத்த நீரைக்கொண்டு பூவும் தளிரும் விடும். அதாவது நமக்கு வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியில் மரம் மொட்டையாகவோ, பூ மட்டும் வைத்துக்கொண்டோ நிற்கும். கார் நிறுத்த நிழல் வேண்டும், மேற்கு வெயில் சுவரில் படக்கூடாது என்பவர்கள் இந்த ஐந்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். புங்கன் வையுங்கள். அதுவும் இலை உதிர்க்கும், ஆனால் சட்டென்று துளிர்த்து, உச்சி வெயில் காலத்துக்குள் பச்சையாகிவிடும்.

சரி, நிழல் முக்கியமில்லை என்றால் மேலே போவோம்.

சரக்கொன்றையிலிருந்து ஆரம்பிப்போம். சித்திரையில் இலையெல்லாம் கொட்டிய கிளைகளிலிருந்து ஏறத்தாழ முழ நீளம் வரை மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். கேரளத்தின் மாநிலப் பூ, விஷுக் கணியில் வைப்பது, தாய்லாந்தின் தேசியப் பூ எல்லாம் இதுதான். சிவனுக்கு உரிய பூவும் இது. முல்லை நிலத்துப் பூ என்று சங்கப் புலவர்கள் பாடியதும் சரியான கவனிப்பு. காடும் மேய்ச்சல் நிலமும் கலந்த, அடர்த்தி குறைந்த, வெயில் உள்ளே விழுகிற இடத்தில்தான் இது நன்றாக வருகிறது. முதுமலையில் 1988ஆம் ஆண்டு இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேர் காட்டை எல்லை கட்டி, அதிலுள்ள மரங்களுக்கு எண்ணிட்டுத் தொடர்ந்து கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பரப்பில் அதிகம் காணப்படும் மரங்களில் சரக்கொன்றையும் ஒன்று. கோடையில் தரைத்தீ வந்துபோகும் காடு அது. தீயில் கன்றின் மேல்பகுதி கருகினாலும் அடிவேரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு.

வீட்டில் வைப்பதற்கு இது தரும் வசதி, கிடைப்பது எளிது, வளர்ச்சி ஓரளவு வேகம், செம்மண்ணில் பிரச்சினையே இல்லை. சிக்கல் எங்கே என்றால் இடத்தில். 10 மீட்டருக்கு மேல் உயரும் மரம் இது. கிளை பரந்து வரும். சுவரிலிருந்து குறைந்தது 10, 12 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறது என்றால் வருடாவருடம் மின்வாரிய ஆட்கள் வந்து தலையை வெட்டிப்போவார்கள். வெட்டுப்பட்ட மரத்தில் சரம் ஒழுங்காக வராது. தண்ணீர்க் குழாயை ஒட்டி வைத்துத் தினமும் ஈரம் காட்டினாலும், நான் பார்த்தவரை, இலை உதிர்வது தாறுமாறாகிப் பூ குறைகிறது. வறண்ட மாதங்களில் மண் காய்வது இந்த மரத்துக்குப் பழகிப்போன ஒன்று. வளர்ந்த மரத்துக்குக் கோடையில் தண்ணீர் விடாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இளந்தளிர் காலத்தில் பச்சை நிறப் புழுக்கள் இலையை மொய்த்துத் தின்றுவிடும். நரம்பு மட்டும் மிஞ்சும் அளவுக்குப் போவதும் உண்டு. உடனே மருந்து அடிக்க ஓடுகிறார்கள். அடிக்காதீர்கள். கொஞ்ச நாளில் அவை வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான பட்டாம்பூச்சிகளாக அந்த மரத்தைச் சுற்றியே பறக்கும். மரம் மறுபடி இலை விடும், அதற்கு ஒன்றும் ஆகாது. பூக்கிற பருவத்தில் காலையில் மரத்தடியில் நின்றால் தச்சு வண்டுகளின் ரீங்காரம் கேட்கும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் பத்தில் மூன்று மட்டும் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது மகரந்தம் கொட்டுகிறது. சின்னத் தேனீக்களால் அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

சரக்கொன்றை வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, அதே பெயர் சொல்லி வேறு மரத்தைக் கொடுத்துவிடும் ஆபத்து. கொன்றை என்ற பெயரில் மஞ்சள் பூப் பூக்கும் பல மரங்கள் விற்பனையில் இருக்கின்றன. இயல்வாகையைப் பெருங்கொன்றை என்பார்கள். அது பெரிய மரம், சின்ன மனைக்கு ஆகாது, அவ்வளவுதான் குறை. ஆனால் சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற தென் அமெரிக்க மரம் அப்படி இல்லை. அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவந்தது, இன்று முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் புகுந்து, அடியில் புல்கூட முளைக்கவிடாமல் பரவிக்கிடக்கிறது. தமிழ்நாட்டு வனத்துறை அதை வெட்டி அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்புகிற வேலையை நடத்திவருகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்ப்பதால் அது லேசில் முடிகிற வேலையும் இல்லை. கன்றிலேயே வித்தியாசம் தெரியும். சரக்கொன்றையின் இலைக்காம்பில் பெரிய பெரிய சிற்றிலைகள் 3 முதல் 8 ஜோடிதான் இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம் வரும். சென்னாவில் 10 ஜோடிக்கு மேல், குறுகலான சின்ன இலைகள். பூக்கும்போது இன்னும் தெளிவு: சரக்கொன்றையின் சரம் கீழே தொங்கும், சென்னாவின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் அந்தக் கன்றை வாங்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது ஆத்தி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் வாசலில் இடம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஆத்தியை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? திருச்செங்காட்டங்குடி கோயிலில் தலமரம் இதுதான். சிறுத்தொண்டர் வீட்டில் அமுது கேட்டு வந்த பைரவர், அவர் வரும்வரை ஆத்தி மரத்தடியில் இருப்பதாகச் சொல்லிப்போன கதை அந்த ஊருக்கு உரியது.

மரம் சிறியது. பெரும்பாலும் ஓர் ஆள் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகாது. தண்டு கோணல்மாணலாக இருக்கும், பட்டை கறுத்துச் சொரசொரப்பாக வெடித்திருக்கும். கிளைகள் நுனியில் தாழ்ந்து தொங்கும். இலையின் அகலம் நீளத்தைவிட அதிகம். நடுவில் பிளவுபட்டு, இரண்டு மடல்களாக, மாட்டுக் குளம்பின் தடம் மாதிரி இருக்கும். மந்தாரை இலையும் இப்படித்தான் என்பீர்கள். சரிதான், இரண்டும் ஒரே பேரினம். ஆனால் ஆத்தி இலை அதில் பாதிகூட இருக்காது, கெட்டியாகவும் இருக்கும். பூ பெரிதாகக் கண்ணைப் பறிக்காது. கோடை முடிவில் கிளை நுனியில் வெளிர்மஞ்சள் நிறச் சின்னப் பூக்கள் வரிசையாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் பூத்திருப்பதே தெரியாமல் போகலாம். பக்கத்தில் போனால் தேனீயும் எறும்பும் மொய்ப்பதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நாற்றங்காலில் கவனம் தேவை. ஆத்தி கேட்டால் மந்தாரையைக் கொடுப்பது சகஜம். ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் மந்தாரைகளும் அழகுதான், ஆனால் அவை வேகமாக, உயரமாக வளர்பவை. மஞ்சள் மணி போலப் பூக்கும் புதர் ஒன்றையும் திருவாத்தி என்று சொல்லி விற்பார்கள். இலையை அளந்து பார்த்து வாங்குங்கள். இரண்டு விரல் அகலத்தில் ரெட்டை மடல் இலை, தொங்கும் கிளை, இவை இருந்தால் ஆத்தி.

மகாராஷ்டிரத்தில் தசரா அன்று இதன் இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே இதற்கு ஆப்டா என்று பெயர். பண்டிகைக்காக மரத்தையே மொட்டையடிக்கிறார்கள் என்ற வருத்தமும் அங்கே இருக்கிறது. பட்டையில் நல்ல நார் உண்டு, கயிறு திரிப்பார்கள். வெட்டினால் துளிர்க்கும், ஆடு கடித்தாலும் துளிர்க்கும், வெறும் சரளை மண்ணிலும் நிற்கும். மின்கம்பிக்கு அடியில் பயமில்லாமல் வைக்கலாம். குறை என்று சொன்னால் மெதுவாக வளரும், அப்புறம் காய்ந்த நெற்றுகள் மாதக்கணக்கில் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மரம் பட்டுப்போச்சா என்று கேட்பார்கள். எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

வெட்பாலை வேறு குணம். கொஞ்சம் உயரமாக, ஒல்லியாக வளரும். சித்திரையை ஒட்டிப் புது இலையோடு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும், மல்லிகை மாதிரித் தெரியும். காய்தான் இதன் அடையாளம். மெல்லிய நீண்ட காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியபடி தொங்கும். முற்றும்போது பிரிந்து வெடித்து, பட்டுக் குஞ்சம் வைத்த விதைகள் காற்றில் போகும். இலை இல்லாத வறண்ட மாதங்களில் வெடிப்பதால் குறுக்கே தடுக்க ஒன்றும் இருக்காது, வெகுதூரம் பறக்கும். விதை வேண்டுபவர்கள் வெடிப்பதற்கு முன்பே காயின்மேல் துணி சுற்றிக் கட்டிவிடுவார்கள்.

இலையைக் கிள்ளினால் பால் வடியும். பறித்த இலையை நிழலில் போட்டு வைத்தால் கறுத்துவிடும். இதே இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். சில நாளில் எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறும். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்ற தோல் நோய்க்கு (சோரியாசிஸ்) தரும் வெட்பாலைத் தைலம் இதுதான். இலையிலிருந்து நீலச் சாயமும் எடுத்திருக்கிறார்கள். மரம் வெள்ளையாக, நெருக்கமான இழையோடு, கடைசலுக்கு வாகாக இருக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளும் பரம்பரையாக இந்த மரத்தில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்பவை.

பால் இருப்பதால் ஆடுமாடு அவ்வளவாக வாய் வைக்காது. வேலி போட முடியாத இடத்தில், தெருவோரத்தில், பள்ளி மைதானத்து ஓரத்தில் மரம் வைக்க வேண்டும் என்றால் என் தேர்வு வெட்பாலைதான். சரக்கொன்றைக் கன்று அங்கே பிழைக்க முதல் இரண்டு வருடம் கூண்டு வேண்டும். வெட்பாலைக்குக் கூண்டு இல்லாமலே சமாளிக்கலாம். வீட்டுக்குள் என்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு விதை ஜன்னல் வழியே உள்ளே வரும். அதைப் பொறுத்துக்கொள்பவர்கள் தாராளமாக வைக்கலாம்.

தண்ணீர் நிற்கும் இடம் என்று முதல் கேள்விக்கே பதில் சொன்னவர்களுக்குப் புரசு. மற்ற நான்கும் அங்கே வேர் அழுகித் திணறும். புரசு களிமண்ணையும், கரிசலையும், ஓரளவு உவர் மண்ணையும் தாங்கும். சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம். அங்கே கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. மாசியில் இலை உதிர்ந்த கிளை முழுவதும் செம்மஞ்சளாகப் பூக்கும், மைனாவும் தேன்சிட்டும் நாள் முழுக்க வந்துபோகும். இலை மூன்று மூன்றாக, அகலமாக இருக்கும். அதைத் தைத்துத்தான் வட இந்தியாவில் சாப்பாட்டுத் தட்டு செய்கிறார்கள். அரக்குப் பூச்சி வளர்க்கவும் இந்த மரம் உதவும். ஒரே கஷ்டம், பொறுமை வேண்டும். மிக மெதுவாக வளரும்.

கோங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்குமான மரம் இல்லை. பாறை நிலத்தில் வீடு கட்டியவர்கள், மலையடிவாரத்தில் கல்லும் சரளையுமான தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ, ஒற்றை இலைகூட இல்லாத கிளையில். அழகில் இந்த ஐந்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் மரம் மென்மையானது, பலத்த காற்றில் கிளை ஒடியும். மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். நல்ல மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் வேர் அழுகும். கிளையை வெட்டிப் போத்தாக நட்டும் வளர்க்கலாம்.

நானே ஒரு 30க்கு 40 மனையில், செம்மண்ணில், முன்னால் பத்தடி இடத்தோடு வீடு கட்டினால் ஆத்திதான் வைப்பேன். பின்பக்கம் இடம் இருந்தால், கம்பி எதுவும் குறுக்கே போகாவிட்டால், அங்கே சரக்கொன்றை. தெருவுக்கு வெட்பாலை. ஏரிக்கரைப் பக்கம், வயலாக இருந்து மனையான இடம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் விட்டுவிட்டுப் புரசு.

விதையிலிருந்து வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சரக்கொன்றை விதையை அப்படியே போட்டால் அதில் பாதிகூட முளைக்காது. தோல் அவ்வளவு கெட்டி. காட்டில் நரியும் கரடியும் குரங்கும் நெற்றின் உள்ளே இருக்கும் இனிப்பான கறுப்புச் சதைக்காக அதைத் தின்று, விதையைச் சாணத்தோடு வேறிடத்தில் போடும். நம் வீட்டில் கரடி இல்லாததால், கொதித்து இறக்கிய நீரை விதையின்மேல் ஊற்றி ஓர் இரவு அப்படியே விட வேண்டும். காலையில் ஊதியிருப்பதை மட்டும் எடுத்து நடுங்கள். ஊதாததை உப்புத்தாளில் ஒரு முனையைத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். ஆத்தி விதைக்கும் இதே வைத்தியம்தான். வெட்பாலைக்கு எதுவும் செய்ய வேண்டாம், புது விதையாக இருந்தால் போதும். புரசு விதையைச் சேமித்து வைக்கக் கூடாது. தட்டையான நெற்றின் நுனியில் ஒரே ஒரு விதை இருக்கும், விழுந்த சூட்டோடு நட்டுவிட வேண்டும்.

நடுவதற்கு ஆடி, ஆவணி மழையும் சரி, ஐப்பசி மழையும் சரி. இரண்டடிக்கு இரண்டடி குழி போதும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், தினமும் மேலாகத் தெளிக்காதீர்கள். வாங்கும்போது ஆள் உயரக் கன்றைவிட முழ உயரக் கன்று மேல். பை பழசாகி வேர் உள்ளேயே சுருண்டிருந்தால் அந்த மரம் பிற்பாடு காற்றில் சாயும். புரசும் கொன்றையும் முதல் கோடையில் மேலே காய்ந்து குச்சியாகிவிட்டால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மழை வரை விட்டுவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடியிலிருந்து புதுத் துளிர் வரும்.